சீட்டுக்குக் கீழே ஒரு கைப்பிடி

11 பிப்ரவரி 2017

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் அப்பாவிடம் போனில் பேசியபோது, அடுத்த வருடம் நான் பதினொன்றாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது உங்கள் கையாலேயே ஒரு இரும்புச் சைக்கிள் செய்து தருவதாகச் சொன்னீர்களாம். சாப்பிடும்போது அப்பா சொன்னார். அதைக் கேட்ட அம்மா, "அப்படின்னா இப்பவே நல்ல செருப்பா ஒண்ணு வாங்கி வச்சுக்கோ" என்றாள். ஏன் என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நீங்கள் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஆனாலும் நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதை நான் பார்த்ததே இல்லை. போனை அப்பாதான் எடுக்கிறார்.

நான் இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் சைக்கிள் எனக்கு அலங்காரப் பொருள் அல்ல. பெரிய பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிமெண்ட் கிடங்குகளையும் தாண்டி இருக்கிறது. பஸ் பாலத்தோடு திரும்பிவிடும். அங்கே ஆய்வுக்கூடம் உண்டு, மாடியில் முழுவதும் நூலகம். பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் நூலகம் என்பது ஒரு பீரோ. அதன் சாவி விளையாட்டு ஆசிரியரிடம் இருக்கிறது. "சைக்கிள் இருந்தா பாலம் தாண்டிப் போ, இல்லைன்னா பக்கத்துலயே படி" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். கடையில் ஒன்று வாங்கித் தாருங்கள் என்றால், "மாமா தரேன்னு சொன்னப்புறம் வேற வாங்கினா அவர் மனசு என்ன பாடுபடும்" என்கிறார். ஆகவே உங்கள் வாக்கு எனக்கு உதவியும் செய்கிறது, வழியையும் அடைக்கிறது.

நீங்கள் கேட்ட கால் அளவைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். சுவரில் சாய்ந்து நின்று, என் அகராதியைக் கால்களுக்கு நடுவில் மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ள, தரையிலிருந்து அதன் முதுகு வரை அப்பா டேப் வைத்து அளந்தார்.

ஒரு சந்தேகம். இரும்பு அலுமினியத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம் என்று இயற்பியல் புத்தகத்தில் போட்டிருக்கிறது. போதாததற்குத் துருவும் பிடிக்கும். இருந்தும் நீங்கள் ஏன் இரும்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்


2 மார்ச் 2017

அகராதிக்கு,

அளவு வந்தது. சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டேன். என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் ஏறிய எண், அந்தச் சைக்கிள் வாசலைத் தாண்டும்வரை அழியாது. நீதிபதி ஒருவர் தம் அளவை மாற்றச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பினார். அழிக்கவில்லை. பிறகு அவரே வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் செய்ததுதான் சரி என்றார். உன் எண் அவருடைய எண்ணுக்கும் பியானோ வாசிக்கும் ஒரு பெரிய மனிதரின் எண்ணுக்கும் நடுவில் இருக்கிறது. இந்த மரியாதை உன் வயதில் யாருக்கும் கிடைத்ததில்லை.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். அலுமினியத்தில் பாத்திரம் செய்வார்கள். அதன் மீது ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கார்பன் என்று ஒன்று வந்திருக்கிறது. துணியைப் பசையில் நனைத்து அச்சில் அடைத்து எடுப்பார்கள். அதைச் செய்கிறவனைத் தொழிலாளி என்று சொல்வதா, பொம்மை செய்கிறவன் என்று சொல்வதா என்று நீயே முடிவு செய். நான் குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் குழாயைப் பூணுக்குள் செருகி, பித்தளையை உருக்கி ஓடவிட்டு, ஆறிய பிறகு அரம் வைத்து அந்தப் பூணின் விளிம்பை இலை நுனி மாதிரி எடுக்கிறேன். ஒரு பூணுக்கு ஒரு நாள். இரும்புக்கு உயிர் இருக்கிறது. ஓட்டினால் தெரியும், படித்தால் தெரியாது.

உன் அம்மா செருப்பைப் பற்றிச் சொன்னதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

மாமா


23 ஏப்ரல் 2017

அன்புள்ள மாமாவுக்கு,

உயிருள்ள சைக்கிள் ஒன்றை இந்த ஊரிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கடைவாய்ப் பல் வலி என்று அப்பா என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். காத்திருக்கும் அறையின் சுவரில், மீன் தொட்டிக்கு மேலே, உங்கள் பெயர் பொறித்த சைக்கிள் இரண்டு கொக்கிகளில் தொங்குகிறது. அதற்கென்று தனியாக ஒரு விளக்கு. எங்கள் பேச்சு இப்படிப் போனது.

"இது ஓடுமா டாக்டர்?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டே. இதுக்கு உயிர் இருக்கு. இரும்புல ஒரு உயிர் இருக்கு, ஓட்டினாத்தான் புரியும்."

"கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"இதையா? வெளியில எடுத்தா சேறு பட்டுடுமே."

அதற்கு மேல் நான் கேட்கும் முன்பே வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். அது நியாயமான வாத முறை இல்லை.

மாமா, உங்கள் வாக்கியமும் அவர் வாக்கியமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கின்றன. நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா, அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாரா? உயிர் என்று ஒன்று இருந்தால் அது அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நினைத்து ஒரு சோதனை செய்தேன். எங்கள் தெருவில் பேப்பர் போடும் அக்காவிடம் அலுமினியச் சைக்கிள் இருக்கிறது. அவர் அண்ணனிடம் பழைய இரும்புச் சைக்கிள். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தேன். கிடங்குப் பக்கம் உடைந்து கிடக்கும் சாலையில் அக்கா என்னை மாறி மாறி ஏற்றிப் போனார். "எந்தச் சைக்கிள்னு சொல்ல மாட்டேன், ஆனா விழுந்தா என்னைச் சொல்லக் கூடாது" என்பது அவர் நிபந்தனை. எது இரும்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாதிக்குப் பாதி தப்பு. பிறகு டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தோம். அது மட்டும் ஒவ்வொரு முறையும் தெரிந்தது. ஆக, நீங்களும் டாக்டரும் உயிர் என்று சொல்வது டயருக்குள் இருக்கும் காற்று. அது பம்ப்பில் கிடைக்கிறது.

அலுமினியத்தில் பாத்திரம் செய்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். விமானமும் செய்வார்கள். நீங்கள் பட்டறையை விட்டு வெளியே வந்து மேலே பார்த்தால் தெரியும்.

சைக்கிள் எந்த நிலையில் இருக்கிறது?

இப்படிக்கு,
அக்கா மகள்


19 ஜூன் 2017

அகராதிக்கு,

கேரியரில் உட்கார்ந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, இரும்பைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறாய். பக்கத்து வீட்டுச் சன்னலில் மூக்கை வைத்துவிட்டு அந்த வீட்டுச் சமையலுக்கு மார்க் போடுகிற மாதிரி இருக்கிறது. உன் பேப்பர் அக்காவின் அண்ணன் வைத்திருப்பது இரும்பு இல்லை, தண்ணீர்க் குழாய். அதையும் என் வேலையையும் ஒரே வரியில் எழுத உனக்குக் கை வந்ததே.

பல் டாக்டரைப் பற்றி நீ சொன்னது சரி. அவருக்குச் சைக்கிள் செய்து கொடுத்தது எனக்கே வெட்கம்தான். ஆனால் அவர் அந்தப் பூண்களைத் தினமும் பார்க்கிறார். நீ ஒரு தடவையாவது பார்த்தாயா? மீன் தொட்டியைப் பார்த்திருக்கிறாய், விளக்கைப் பார்த்திருக்கிறாய்.

உன் புத்தகத்தில் இதையும் தேடிப் பார். அலுமினியம் ஒவ்வொரு குலுக்கலையும் மனதில் வைத்துக்கொள்ளும். சின்னக் குலுக்கல்தானே என்று மறக்காது. வருடக்கணக்கில் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, ஒருநாள் சாதாரண ரோட்டில் பட்டென்று முறியும். இரும்பு அப்படி இல்லை. தாங்கக்கூடிய குலுக்கலைத் தாங்கி அதோடு மறந்துவிடும். தாங்க முடியாவிட்டால் முதலில் வளையும், முனகும், உனக்கு இறங்க நேரம் கொடுக்கும்.

உன் சைக்கிளுக்குக் குழாய் வெட்டியாகிவிட்டது. சீட்டைத் தாங்கும் தண்டையும் வெட்டிவிட்டேன். நல்ல சைக்கிளில் சீட்டுக்குக் கீழே ஒரு கைப்பிடி அளவு தண்டுதான் வெளியே தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால் அது சைக்கிள் இல்லை, கொக்கு. இந்தக் காலத்துக் கடைச் சைக்கிள் எல்லாம் கொக்குதான். நான் கூடுதலாக ஒரு விரல்கூட விடுவதில்லை. கூடுதலாக விடுவது, அளவின் மேல் நம்பிக்கை இல்லாதவன் செய்யும் வேலை.

மாமா


14 ஜனவரி 2018

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் நேர்மையாக ஒன்று. அலுமினியம் களைத்து முறிவதைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. பெரிய பள்ளிக்கூடத்து நூலகத்தில் ஒரு நாள் உட்கார அனுமதி வாங்கி, தேடிப் படித்தேன். அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். பேசாமல் வருடக்கணக்கில் இருந்துவிட்டு ஒருநாள் முறியும் என்ற வரியில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரைச் சொல்றான்?" என்றாள். அலுமினியத்தை என்றேன். "ம்" என்றாள்.

இரண்டாவது விஷயம் முக்கியமானது. தயவுசெய்து இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். நான் வளர்ந்துவிட்டேன். வகுப்பில் இரண்டாவது பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். போன வருடத்துப் பாவாடைகள் எல்லாம் அத்தை மகளுக்குப் போய்விட்டன. இப்போது நானும் அம்மாவும் கதவருகே நின்றால் நான் அம்மாவை விட ஒரு தலை உயரம். அகராதியை வைத்து மறுபடி அளந்தோம். புதிய அளவு தனித்தாளில் இருக்கிறது. பழையதை அழித்துவிட்டு இதை எழுதுங்கள். தண்டையும் நீளமாக வெட்டுங்கள். கொக்கு மாதிரி இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

மூன்றாவது, பள்ளி ஜூன் முதல் வாரம் திறக்கிறது. மே மாதத்துக்குள் சைக்கிள் வாசலில் நிற்காவிட்டால் பக்கத்துப் பள்ளியில் பெயர் கொடுத்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மா செருப்புக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நின்று நின்று பார்க்கிறாள்.

இப்படிக்கு,
அக்கா மகள்


27 மார்ச் 2018

அகராதிக்கு,

பெயிண்ட் முடிந்தது. இருட்டுப் பச்சை. அதன் மேல் தங்க நிறத்தில் கோடு இழுக்கிறவர் வாரத்துக்கு ஒரு நாள்தான் கை நடுங்காமல் இருப்பார். அந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன். முன் பூணில் நான் செதுக்கியிருக்கும் வேலையைப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். உன் சைக்கிள் உனக்கு முன்னால் பத்திரிகையில் வரும்.

உன்னைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். இரும்பு என்றால் காற்றுப் பம்ப் என்று நினைக்கிற ஒரு குழந்தைக்காக இந்தச் சைக்கிளைச் செய்கிறேன் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

பெல் பொருத்த மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹேண்டிலின் கோட்டை அது கெடுக்கும். வழியில் ஆள் நின்றால் வாயைத் திறந்து சொல். அது உனக்குக் கஷ்டமான காரியம் இல்லை.

மே, ஜூன் என்று எனக்குத் தேதி போடாதே. தேதி போட்டுச் செய்கிறவன் தொழிற்சாலைக்காரன். அலுமினியக் கடைப் பக்கம் நீ போனதாகக் கேள்விப்பட்டால் பச்சையை வழித்து எடுத்துவிட்டு நீதிபதிக்கு நீலம் அடித்துவிடுவேன்.

மாமா


28 மே 2018

மாமாவுக்கு,

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பச்சை இருக்கிறது, கோடு இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, நான் குழந்தை என்று இருக்கிறது. என் கால் அளவு எங்கேயும் இல்லை.

நேற்று அப்பா பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா மனசு கஷ்டப்படும்மா" என்றார்.

"மாமாவுக்கு ஒரு நாள் கஷ்டம். எனக்கு ரெண்டு வருஷம் கஷ்டம்ப்பா."

"சொந்தக்காரங்க வாக்கு..."

அப்போது அம்மா சமையலறையிலிருந்து, குரலை உயர்த்தாமல், "அவளுக்கு ஓடற சைக்கிளா ஒண்ணு வாங்கிக் கொடுங்க. நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள். அதை நான் சொல்லிவிட்டேன்.

பேப்பர் அக்கா ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார். அவருடைய அலுமினியச் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டார். அதில் பூண் இல்லை, இலை நுனி இல்லை, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்ட ஸ்டிக்கர் இருக்கிறது. சீட்டுத் தண்டு கொக்குக் கால் மாதிரி நீண்டு நிற்கிறது. நான் ஏறி உட்கார்ந்தேன், கால் எட்டியது, ஓடியது. பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக் கதவு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றேன்.

உங்களுக்கும் பல் டாக்டருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் சைக்கிளை ஓட்டாமல் வைத்திருக்கிறார். நீங்கள் ஓட்ட விடாமல் வைத்திருக்கிறீர்கள்.

நீலம் அடித்துவிடுங்கள்.

கொக்கு


9 ஜூன் 2018

தகரத்தில் பவனி வரும் மகாராணிக்கு,

லாரியில் ஏற்றிவிட்டேன். உனக்காக அல்ல. நான் சொன்னால் செய்கிறவன் என்பதற்காக. மூட்டையைப் பிரிக்கும்போது கத்தி வைக்காதே, பெயிண்ட்டில் கீறும். உன் அப்பாவைத் தள்ளி நிற்கச் சொல். கோடு இழுத்தவர் ஒரு மாதம் கழித்துத்தான் தூரிகையில் கை வைத்தார்.

அதைப் பார்த்த பிறகும் அந்தத் தகரத்தில் ஏறுவாயானால், நீ படித்த படிப்பெல்லாம் கண்ணுக்கு மேலே நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

மாமா


24 ஜூன் 2018

மாமாவுக்கு,

சைக்கிள் வந்தது. அழகாக இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் நான் பொய்க்காரி. முன் பூணில் விளிம்பு எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது என்று விரலை வைத்துத் தேடினேன். தெரியவில்லை. பூணை நான் பார்க்கவில்லை என்று நீங்கள் சொன்னது அப்போது சரியாக இருந்தது. இப்போது பார்த்துவிட்டேன்.

பிறகு ஏறினேன். மாமா, என் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது. பெடல் கீழே போகும்போதும் கால் மடங்கியே இருக்கிறது. எதிர்வீட்டுச் சின்னப் பையன் அவன் தங்கையின் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. சீட்டை உயர்த்தலாம் என்று அப்பா ஸ்பேனரால் தளர்த்தித் தண்டை மேலே இழுத்தார். இழுத்த வேகத்தில் அது அவர் கையோடு வந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்றார். ஒரு கைப்பிடிக்கும், அதற்கு மேல் குழாய்க்குள் செருக அவசியமானதற்கும் கூடுதலாக ஒரு விரல்கூட இல்லை. நீங்கள் எழுதியது போலவே. கடையில் கிடைக்கும் தண்டு எதுவும் உங்கள் குழாய்க்குள் போகாதாம். மறுபடி பழைய இடத்திலேயே செருகி முடுக்கினார்.

அளந்து பார்த்தேன். போன வருடம் பிப்ரவரியில் நான் அனுப்பிய எண்ணுக்கு எள்ளளவும் பிசகாமல் செய்திருக்கிறீர்கள். ஜனவரியில் அனுப்பியதைச் சுவரில் ஏற்றவே இல்லை. ஏனென்றால் சுவரில் ஏறியது அழியாது. உலகத்திலேயே மிக நேர்த்தியான சைக்கிளை, இப்போது இல்லாத ஒரு பெண்ணுக்காகச் செய்திருக்கிறீர்கள்.

அப்பா தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அம்மா சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, நான் கேட்காமலே செருப்பு விஷயத்தைச் சொன்னாள்.

"கணக்கு வகுப்புக்குப் போறப்போ எங்கிட்ட ஒரு சைக்கிள் இருந்தது. அது ஒண்ணுதான் எனக்குன்னு வீட்ல இருந்த சாமான். உன் மாமாவுக்கு அந்த வயசுல, இரும்பு எப்படி ஒட்டியிருக்குன்னு பார்க்கணுமாம். நான் ஒரு நாள் காய்ச்சல்ல படுத்திருந்தேன். எழுந்து வந்து பார்த்தா, கொல்லையில ரெண்டு துண்டா கிடக்கு. இதைவிட நல்லதா பண்ணித் தரேன்க்கான்னான். வகுப்பு முடியற வரைக்கும் நடந்தே போனேன். இன்னும் பண்ணிக்கிட்டே இருக்கான்."

இது உண்மையா மாமா?

சைக்கிள் இப்போது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. கொக்கி வாங்கிச் சுவரில் மாட்டுவதா என்று அப்பா கேட்கிறார்.

கொக்கு


5 ஜூலை 2018

கொக்குக்கு,

கால் வளர்ந்தது சைக்கிளின் குற்றம் இல்லை. ஜனவரிக் கடிதம் வந்தது. அதற்குள் குழாய் வெட்டியாகிவிட்டது, முன் பூண் செதுக்கியாகிவிட்டது. வேலை நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்த வேலையை ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் எலும்பு நீட்டினாள் என்பதற்காக யார் குப்பையில் போடுவார்கள்?

அந்தப் பழைய கதைக்கு வருகிறேன். உன் அம்மா முழுதும் சொல்லவில்லை. அந்தச் சைக்கிளில் பின் குழாய் கோணலாக ஒட்டியிருந்தது. அதைச் செய்தவன் ஒரு அரைகுறை. அதை அறுத்துப் பார்த்ததில்தான் பித்தளை எங்கே ஓட வேண்டும், எங்கே ஓடக்கூடாது என்று எனக்குத் தெரிந்தது. இன்றைக்கு நீதிபதி ஏறி உட்காருவதெல்லாம் அந்த ஒரு அறுப்பின் மேல்தான். உன் அம்மாவுக்கு அது தெரிய வேண்டும். அவள் நடந்தாள் நடந்தாள் என்றுதான் சொல்வாள்.

சுவரில் மாட்டாதே. மாட்டினால் நான் உங்கள் வீட்டுப் பக்கமே பார்க்க மாட்டேன். சைக்கிளைத் திருப்பி அனுப்பு. நடுக்குழாயை அறுத்து, நீளமாக வேறு போட்டு, மறுபடி பெயிண்ட் அடித்துத் தருகிறேன். எப்போது என்று கேட்காதே.

மாமா


15 ஜூலை 2018

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அம்மா டைல்ஸ் கடையிலிருந்து அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். அவள் இரண்டு பஸ் மாறி வருகிறவள் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அப்பா கடிதத்தை உரக்கப் படித்தார். அரைகுறை என்ற இடத்தில் அம்மா செருப்பைக் கழற்றினாள். நடந்தாள் நடந்தாள் என்ற இடத்தில் தண்ணீர் குடித்தாள். அறுத்து என்ற சொல் வந்ததும் பையைக் கீழே வைத்தாள்.

"அறுக்கறதுக்கு ஒரு சைக்கிள் கொடுத்தாச்சு. இன்னொண்ணு கிடையாது."

"உனக்கில்லையே, குழந்தைக்குத்தானே..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"யாருக்கா இருந்தா என்ன. என் வீட்டு வாசலுக்கு வந்த சைக்கிளை அவன் கை இனிமே தொடக் கூடாது. இவன் அறுப்பான், நாம படிக்கட்டுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

எங்கே போய் ஒளித்துவைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மாடிப்படிக்குக் கீழேயிருந்து வெளியே உருட்டிக்கொண்டு போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு கையை ஊன்றி ஏறி உட்கார்ந்தாள். அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினார். "சீட்டைக் கொஞ்சம் இறக்கட்டுமா, ஏத்தட்டுமா?"

அம்மா பெடலைக் கீழே தள்ளிப் பார்த்தாள். முழங்கால் லேசாக மடங்கி, பாதம் சரியாகப் போய் நின்றது. "எதுவும் வேண்டாம்" என்றாள். பிறகு கம்பத்தை விட்டுவிட்டாள்.

மாமா, நான் அம்மாவை விட ஒரு தலை உயரம் என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். அதற்கு முந்தைய வருடம், முதல் அளவை அனுப்பியபோது, அம்மாவும் நானும் ஒரே உயரம் என்பதை எழுதவில்லை, அது அவசியம் என்று தோன்றவில்லை.

தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். அப்படி நான் அவளைப் பார்த்ததே இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பெரிதாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "பின் பிரேக் கத்துது" என்றாள்.

மறுநாள் பஸ்ஸுக்குப் போகவில்லை. அன்று முதல் டைல்ஸ் கடைக்கு அதில்தான் போகிறாள். வெள்ளிக்கிழமை சேறு அடித்துக்கொண்டு வந்தாள். தங்கக் கோடு தெரியவில்லை. பல் டாக்டர் பார்த்தால் மயங்கி விழுவார்.

ஆனால் பெல் இல்லாததற்கு உங்களைத் தினமும் திட்டுகிறாள். கடைத்தெருவில் யாரும் வழி விடுவதில்லையாம். "கோடு கெடும்னு பெல் வைக்கலையாமே. அவன் கோட்டை நான் என்ன நாக்குல வழிக்கவா?" என்பது நேற்றைய வசனம்.

கொக்கு


26 ஜூலை 2018

கொக்குக்கு,

எனக்கு அளவில் தப்பே வந்ததில்லை என்று சொன்னேன் அல்லவா? இப்போது புரிகிறதா? அந்தச் சைக்கிளை நான் ஆரம்பத்திலிருந்தே உன் அம்மாவுக்காகத்தான் செய்தேன். வெளியே சொன்னால் வாங்கிக்கொள்ள மாட்டாள் என்று உன் பெயரைப் போட்டேன். இதை அவளிடம் சொல்.

பின் பிரேக் கத்தாது. அவள் திருகு முடுக்கத் தெரியாமல் முடுக்கியிருப்பாள்.

இதோடு ஒரு சின்னப் பார்சல் வருகிறது. ஹேண்டிலின் கோடு கெடும். கெடட்டும்.

மாமா


4 ஆகஸ்ட் 2018

அன்புள்ள மாமாவுக்கு,

அது பொய். ஆரம்பத்திலிருந்து அம்மாவுக்குத்தான் என்றால், இருட்டுப் பச்சையில் அகராதி என்று பொடி எழுத்தில் ஏன் எழுத வைத்தீர்கள்? சீட்டுக்குக் கீழே தண்டுப் பக்கம், குனிந்து பார்த்தால் தெரிகிறது. அம்மாவிடம் உங்கள் விளக்கத்தைச் சொன்னேன். "இன்னும் அவனுக்குத் தப்புன்னு ஒரு சொல் வாயில வரல பாரு" என்றாள். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

பின் பிரேக்கை நானே முடுக்கினேன். இப்போதும் கத்துகிறது.

பார்சலைப் பிரித்தோம். பெல் மூடியில் துரு அப்பியிருந்தது. இரும்பு துருப்பிடிக்கும் என்று நான் முதல் கடிதத்திலேயே எழுதினேன், நீங்கள் கடைசிவரை அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா அதை என் கையிலிருந்து வாங்கினாள். விளிம்பில் இருந்த சொட்டையைக் கட்டை விரலால் தடவினாள். அது அவளுடைய சைக்கிளில் இருந்த பெல். சொட்டை, அவள் ஒரு முறை கேட்டில் இடித்துக்கொண்டபோது ஏற்பட்டதாம். அதை எனக்குச் சொல்லவில்லை, அப்பாவுக்குச் சொன்னாள்.

ஒரு இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் தேய்த்து, அப்பா ஹேண்டிலில் பொருத்தினார். கோடு கெட்டுவிட்டது. சத்தம் வருகிறது, கொஞ்சம் கரகரப்பாக. டைல்ஸ் கடைத் தெரு முழுவதும் இப்போது அம்மாவுக்கு வழி விடுகிறது.

நான் பள்ளிக்கூடத்துக்குத் தகரத்தில்தான் போகிறேன், அது என்னை ஒரு நாளும் ஏமாற்றவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரும்பைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. உங்களைப் பற்றிய கருத்தை இன்னும் எழுதி முடிக்கவில்லை.

அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். "இத்தனை வருஷமா அந்தப் பெல்லை வச்சுக்கிட்டு இவன் என்னதான் பண்ணினானாம்?" இதற்கு என்னிடம் பதில் எழுதாதீர்கள். நான் அவளிடம் படித்துக் காட்டப் போவதில்லை. உறையின் மேல் அம்மாவின் பெயரைப் போட்டு அவளுக்கே எழுதுங்கள். தேதி போட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
கொக்கு